கரண்ட் போன இரவிலும் முகம் தெரிய வேண்டும்

கேள்வி: எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலமான பிறகு அம்மா (வயது 68) தனியாகத்தான் இருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், தம்பி சிங்கப்பூரில். பழைய நாட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், பின்கட்டு, கொல்லை, கொல்லைக்கு அப்பால் வாய்க்கால். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ராத்திரி கொல்லைப் பக்கமாக ஆள் நுழைந்து பித்தளைப் பாத்திரங்களை எடுத்துப் போய்விட்டான். வயலில் இரண்டு பேருடைய மோட்டார் கொட்டகையில் காப்பர் ஒயரும் போயிருக்கிறது. டவுனில் ஒரு கடையில் எட்டு கேமராவுக்கு 58 ஆயிரம் ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கூடம், முற்றம், அடுப்படி மூன்றிலும் ஒவ்வொன்று, மீதி வெளியே. கொட்டேஷனை இத்துடன் வைத்திருக்கிறேன். தம்பி, "வைஃபை கேமரா நாலு வாங்கி மாட்டினா போதும்" என்கிறான். அம்மாவோ, "நான் என்ன பண்றேன்னு பாக்கவா கேமரா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. எதைச் செய்வது? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். கொட்டேஷனை வரிவரியாகப் பார்த்தேன். கேமரா எட்டு, டிவிஆர் (படத்தைப் பதிவு செய்து வைக்கும் பெட்டி) ஒன்று, ஹார்ட் டிஸ்க், கேபிள், கூலி. அதோடு முடிந்துவிட்டது. இன்வெர்ட்டரில் இணைப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. எர்த் பற்றி இல்லை. எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ், எவ்வளவு உயரம் என்பதும் இல்லை. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்யும், கரண்ட் போகும், தெருவே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். ஆள் நுழைய அதைவிடத் தோதான இரவு கிடையாது. அந்த இரவில் அணைந்து கிடக்கிற எட்டு கேமராவைவிட, ஓடுகிற நான்கு கேமரா மேல். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில் அம்மா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூடத்திலும் முற்றத்திலும் அடுப்படியிலும் வைக்கும் கேமரா திருடனைப் பார்ப்பதற்கு முன் தினமும் அவரைத்தான் பார்க்கும். முற்றத்தில் அவர் தலை உலர்த்துவார், துணி மாற்றிக்கொண்டு வருவார், வெயில் நாளில் பாய் போட்டுப் படுப்பார். அந்தப் படம் உங்கள் போனில், தம்பி போனில், பாஸ்வேர்ட் தெரிந்தால் கடைக்காரர் போனிலும் தெரியும். வீட்டுக்குள் போடச் சொன்ன மூன்றையும் வெட்டிவிடுங்கள். கொட்டேஷனில் கால் பங்குக்கு மேல் அங்கேயே குறையும்.

முற்றத்து வழியாக ஓட்டின் மேல் ஏறி ஆள் இறங்குவானோ என்ற பயம் இருந்தால் அதற்கு மருந்து கேமரா அல்ல, முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி அழி. ஒருமுறை அடித்துவிட்டால் கரண்டும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட பயம் ஒன்றும் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா ராத்திரியில் எங்காவது விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது. அந்தக் கவலைக்கும் கூடத்துக் கேமரா உதவாது, ராத்திரி முழுக்க நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. ஒரு வயர்லெஸ் காலிங் பெல் வாங்குங்கள். பட்டன் அம்மாவின் கட்டில் பக்கத்தில், மணி அடிக்கும் பகுதி அடுத்த வீட்டில். பழைய வீட்டுச் சுவர் கனமானது, அதனால் வாங்கும்போதே அங்கிருந்து இங்கு கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் நம் ஊரில் இதற்கு மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

சரி, வெளியே எங்கெங்கே? நான்கு இடம். வாசல் கதவு, பக்கத்துச் சந்து, கொல்லைக் கதவு, கொல்லையின் முழுப் பரப்பு. இதில் முதலும் மூன்றாவதும் முகத்துக்கு, மற்ற இரண்டும் நடமாட்டத்துக்கு. இந்த வித்தியாசம்தான் இந்த வேலையிலேயே முக்கியமான விஷயம், ஆனால் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எல்லாக் கேமராவும் எல்லாவற்றையும் காட்டும் என்று நினைத்து வாங்குகிறோம். அப்படி இல்லை.

ஒரு முகத்தைப் பார்த்து, "இவன்தான்" என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால், அந்த ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 புள்ளிகளாவது (பிக்சல்) படத்தில் விழ வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவு அது. சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் 2.8 எம்எம் லென்ஸ் சுமார் 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். கணக்குப் போட்டால் அதில் முகம் தெளிவாகத் தெரிவது பத்து அடி தூரம் வரைதான். இருபது அடியில், தெரிந்தவர் என்றால் அடையாளம் சொல்லலாம், தெரியாதவர் என்றால் கஷ்டம். முப்பது அடிக்கு மேல் ஓர் ஆள் போகிறான் என்பது மட்டும் தெரியும். அதே கேமராவில் 6 எம்எம் லென்ஸ் இருந்தால் பார்வை பாதியாகக் குறுகும், முகம் இருபத்தைந்து அடி வரை தெரியும். உங்கள் கொல்லைக் கதவில் இருந்து வாய்க்கால் வரை எவ்வளவு தூரம் என்று அம்மாவை ஒருமுறை எட்டி வைத்து எண்ணச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் எந்த லென்ஸ் என்று முடிவு செய்ய முடியும்.

மெகாபிக்சல் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். 5 மெகாபிக்சல் வாங்கினால் பகலில் தூரம் கொஞ்சம் கூடும், உண்மைதான். விலை குறைந்த மாடல்களில் சென்சார் அதே சின்ன அளவில் இருக்கும், அதிலேயே புள்ளிகளை நெருக்கி அடைத்திருப்பார்கள். இருட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து படம் புள்ளி புள்ளியாக இறைந்துவிடும். திருடன் ராத்திரியில் வருபவன். சரியான இடத்தில் வைத்த நல்ல 2 மெகாபிக்சல் கேமரா உங்கள் வீட்டுக்குப் போதும்.

உயரம் பற்றி விட்டுவிடாதீர்கள். எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்று பன்னிரண்டு, பதினைந்து அடியில் மாட்டிவிடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் தலையில் கட்டிய துண்டு தெரியும், உச்சந்தலை தெரியும், முகம் தெரியாது. முகத்துக்கான கேமரா ஏழரை, எட்டு அடிக்கு மேல் போகக்கூடாது. ஓட்டு வீட்டின் இறவாரம் தாழ்ந்து இருப்பது இதற்கு நமக்கு வசதி. திண்ணைத் தூணுக்கு மேல் உத்தரத்தில் மாட்டினால் வாசல் படி ஏறுகிறவர் முகம் நேருக்கு நேர் விழும். ஆனால் இறவாரத்து ஓடு கேமரா பார்வையின் மேல் பாதியில் வந்துவிடக்கூடாது. ராத்திரியில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி பக்கத்தில் இருக்கும் ஓட்டில் பட்டுத் திரும்பும், கேமரா அதைப் பார்த்து வெளிச்சம் ஜாஸ்தி என்று தானே குறைத்துக்கொள்ளும், அதற்கு அப்பால் எல்லாம் கறுப்பாகிவிடும்.

கொல்லையில் இதே தொல்லையை வாழை இலை செய்யும். பகலில் படம் அழகாக இருக்கும். ராத்திரி பார்த்தால் பக்கத்து வாழையின் ஓர் இலை மட்டும் வெள்ளைத் துணி மாதிரி பளீரென்று நிற்கும், பின்னால் ஆள் நின்றாலும் தெரியாது. கேமராவுக்கு முன்னால் ஐந்தாறு அடிக்கு இலை, கொடி, துணி காயப்போடும் கயிறு எதுவும் இருக்கக்கூடாது. வாழை வளரும் என்பதையும் கணக்கில் வைத்து இடம் பாருங்கள், இன்று இல்லாத இலை ஆறு மாதத்தில் வந்து நிற்கும்.

அப்புறம் பூச்சி. சம்பா நடவு முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் விளக்கைச் சுற்றிப் பச்சைப் பூச்சி மொய்ப்பது உங்களுக்கே தெரியும். "ராத்திரியிலும் கலர் படம்" என்று விற்கும் கேமராக்களில் வெள்ளை விளக்கு விடிய விடிய எரியும். அது வயல் ஓரத்து வீட்டுக்கு ஒத்துவராது. பூச்சி வரும், பூச்சியைத் தின்னப் பல்லி வரும், சிலந்தி கேமரா கண்ணாடிக்குக் குறுக்கே வலை கட்டும். காற்றில் வலை ஆடினாலும் "ஆள் நடமாட்டம்" என்று உங்கள் போன் அலறும். சாதாரண நேரத்தில் அகச்சிவப்பு, ஆள் தெரிந்தால் மட்டும் வெள்ளை விளக்கு என்று இரண்டும் உள்ள மாடல் கேளுங்கள். கொல்லையில் தனியாக ஓர் எல்இடி விளக்கு போடுவதென்றால் கேமராவுக்குப் பக்கத்தில் வேண்டாம், பத்தடி தள்ளி மாட்டுக்கொட்டகைத் தூணில் போடுங்கள். பூச்சி அங்கே போகும். மாதம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியில் உலர்ந்த துணி சுற்றி யாராவது துடைத்துவிட வேண்டும். அம்மாவை ஸ்டூலில் ஏறவிடாதீர்கள்.

வாய்க்கால் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் படித்துறை இருக்கிறதா? மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் தெருப் பெண்கள் குளிக்க, துணி துவைக்க அங்கே வருவார்களா? அப்படி இருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கொல்லைக் கேமராவை வேலியோடு நிற்கும்படி கீழே சாய்த்து வையுங்கள். அப்படியும் படித்துறை படத்தில் விழுந்தால், டிவிஆர் மெனுவில் "பிரைவசி மாஸ்க்" என்று இருக்கும், அதில் அந்தப் பகுதியைக் கறுப்புப் பட்டையால் மறைக்கலாம். மறைத்த இடம் பதிவிலும் வராது. இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. ஒரு பெண் தனிமை என்று நம்பி இருக்கும் இடத்தில் அவர் அறியாமல் படம் எடுப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் வரும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் இருக்கிறது. நீங்கள் எந்த எண்ணமும் இல்லாமல் மாட்டியிருந்தாலும், பதிவு யாரோ ஒருவர் கைக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். எதிர்வீட்டு வாசலும் இதே மாதிரிதான். உங்கள் படியும் தெருவில் பாதியும் தெரிந்தால் போதும். கேமரா மாட்டும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாட்டியபின் படத்தையும் காட்டிவிடுங்கள். மனத்தாங்கல் வராது, "நம்ம தெருவுக்கும் நல்லதுதான்" என்று அவர்களே ஒரு கண் வைத்துக்கொள்வார்கள்.

தம்பி சொல்லும் வைஃபை கேமரா விஷயம். ஃபிளாட்டில் ஓர் அறைக்கு அது சரி. உங்கள் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும், ரேழியில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் கொல்லைக்குப் போய்ச் சேராது. அதைவிடப் பெரிய குறை, பதிவு அந்தக் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான் இருக்கும். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் அவனோடு போய்விடும். கிளவுடில் காசு கட்டி வைக்கலாம், ஆனால் மழையில் நெட் போனால் அதுவும் இல்லை. அதனால் கேபிள் இழுத்து, பதிவை வீட்டுக்குள் டிவிஆரில் வைப்பதுதான் சரி.

நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமரா, அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆர் என்று போகலாமா என்றால், நல்லதுதான், படம் கொஞ்சம் துல்லியம். ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் போகும், நூறு மீட்டர் வரை தாங்கும். ஆனாலும் நான்கு கேமரா உள்ள கிராமத்து வீட்டுக்கு நான் டிவிஆரோடு சேரும் அனலாக் எச்டி கேமராவையே சொல்கிறேன். கேபிள் முனையில் இருக்கும் ஒரு பிஎன்சி கனெக்டரோ அடாப்டரோ போனால் நீடாமங்கலத்திலோ மன்னார்குடியிலோ அன்றைக்கே ஆள் வந்து மாற்றிவிடுவார். நெட்வொர்க் தெரிந்த ஆளுக்காக அம்மா ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். காப்பர் முலாம் பூசிய அலுமினியக் கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். 12 வோல்ட் கரண்ட் அதில் நீண்ட தூரம் போகும்போது இறங்கிவிடும். பகலில் ஓடும் கேமரா ராத்திரி அகச்சிவப்பு எரிந்ததும் அணைந்து அணைந்து வருவதற்கு இது ஒரு காரணம். சுத்தக் காப்பர் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஓட்டுக்கு அடியில் கேபிளைச் சும்மா ஆணி அடித்துக் கொண்டுபோனால் அணில் கடிக்கும், எலி கடிக்கும். முழுவதும் பிவிசி பைப்புக்குள் போக வேண்டும். நடுவில் ஜாயின்ட் கூடாது. கேமராவின் வால் ஒயரும் கேபிளும் சேரும் இடம் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் கீழே ஒரு வளைவு வளைந்து போக வேண்டும், அப்போதுதான் மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். டேப் சுற்றிய ஜாயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது, உள்ளே பச்சைக் களிம்பு பிடித்துவிடும். (வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்து வாசகர்கள் ஸ்க்ரூ, கிளாம்ப் எல்லாமே துருப்பிடிக்காத எஃகாகக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று மற்றதை விட்டுவைக்காது.)

இனி கரண்ட். நான்கு கேமரா, டிவிஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 40 வாட்தான் இழுக்கும். வீட்டில் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ஒரு ஃபேன், இரண்டு லைட்டோடு சேர்த்து ஏழெட்டு மணி நேரம் ஓடும். ஃபேனை அணைத்துவிட்டால் ஒரு நாள் வரைக்கும் இழுக்கும். மின்கட்டணமும் பயப்படும்படி இல்லை. நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட் கூடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் "யுபிஎஸ் மோட்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் டிவிஆர் அணைந்து மறுபடி எழும், பதிவில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஓட்டை விழும். ஹார்ட் டிஸ்க்குக்கும் அது கேடு. தெருவில் எல்லா மோட்டாரும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் ஊர் என்றால், கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் எத்தனை வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

நெட் போனால் என்ன? உங்கள் போனில் படம் வராது, ஆனால் வீட்டில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளுக்கு எந்த இன்வெர்ட்டரும் ஈடுகொடுக்காது. அப்போது அம்மா தனியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இடி விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். சுற்றிலும் வயல், நடுவில் தென்னையும் வீடும். பக்கத்தில் எங்கோ இறங்கும் மின்னலே மின்கம்பி வழியாக வந்து டிவிஆரைத் தூக்கிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துப்போய் வெளியே மட்டும் முழுசாக நிற்பது உண்டு. அது சரியான பிறகு மெயின் போர்டில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று பாயும் மிகை மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போடுங்கள். எர்த் இல்லாமல் அதைப் போட்டுப் பயன் இல்லை. இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்குவது நம் வீட்டுப் பழக்கம். அம்மா டிவிஆர் பிளக்கையும் பிடுங்குவார், பிடுங்கட்டும். இடி நின்றதும் திரும்பச் சொருகவேண்டும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

இதே காரணத்தால்தான் மோட்டார் கொட்டகைக்கு வீட்டில் இருந்து கேபிள் வேண்டவே வேண்டாம் என்கிறேன். கொட்டேஷனில் எட்டாவது கேமரா அதுதான். வயலுக்கு மேல் தென்னைமரத்துக்கு மரம் கட்டி இழுக்கும் கேபிள் மின்னலை வீட்டுக்குள் கூட்டிவரும் வழி. அங்கே வேண்டுமானால் சிம் போடும் சோலார் கேமரா தனியாக வைக்கலாம். உயரமான இரும்புக் குழாயில், தகடு தெற்குப் பார்த்து, தென்னை நிழல் விழாமல் இருக்க வேண்டும். நாள் முழுக்க நேரலை பார்த்தால் மணிக்கு 450 எம்பி அளவுக்கு டேட்டா போகும், அதனால் ஆள் வந்தால் மட்டும் படம் அனுப்பும்படி வைக்க வேண்டும். அடைமழை விடாமல் பெய்யும் நாட்களில் பேட்டரி தாங்குமா என்பது சந்தேகம். என்னைக் கேட்டால் முதல் வருடம் அந்தக் காசுக்கு ஒயரை இரும்புப் பைப்பில் இறக்கி, கொட்டகைக் கதவை மாற்றி, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். அறுத்து எடுக்க நேரம் பிடிக்கும் ஒயரை விட்டுவிட்டு அவன் அடுத்ததைத் தேடுவான்.

டிவிஆரைக் கூடத்தில் டிவி பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். உள்ளே வந்தவன் கண்ணில் முதலில் படும் இடம் அது. உள் அறையில், காற்றுப் போகும் துளை உள்ள சிறிய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நெல் மூட்டை அடுக்கும் அறை வேண்டாம், தூசி டிவிஆருக்குள் போய் அடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் கண்காணிப்புக் கேமராவுக்கு என்றே வருவதாக இருக்கட்டும். எச்.265 என்ற முறையில் பதிவு செய்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்குச் சுமார் 11 ஜிபி, நான்குக்கு 44 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் மூன்று வாரம் நிற்கும். பழைய எச்.264 முறையில் அதில் பாதி நாள்தான்.

வாங்கும்போது இன்னொன்று. இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை முடிந்த சான்று வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய சரக்கை மலிவு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மாடல் நம்பரைக் கேட்டு, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

செட்டிங் செய்யும் நாளில் உங்கள் போனை யார் கையிலும் கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். ஆப்பில் கணக்கு உங்கள் நம்பரில், உங்கள் கையால் தொடங்க வேண்டும். கடைப் பையன் தன் நம்பரில் தொடங்கி, உங்களுக்குப் "ஷேர்" கொடுத்துவிட்டுப் போவது அவனுக்குச் சுலபம். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு முதலாளி அவன், நீங்கள் விருந்தாளி. டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டையும் நீங்களே புதிதாக வையுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் தப்பாக ஓடும் கடிகாரம் ஸ்டேஷனில் பத்துக் கேள்விக்கு இடம் கொடுக்கும். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், திண்ணையில் நடக்கும் பேச்செல்லாம் நமக்கு எதற்கு.

எச்சரிக்கை மணி ராத்திரி பத்தில் இருந்து காலை நான்கரை வரை போதும். மனித உருவத்துக்கு மட்டும் என்று வையுங்கள். கன்றுக்குட்டிக்கும் நாய்க்கும் கோழிக்கும் அடித்தால் நான்காவது நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள்.

மணி அடித்தது, கொல்லையில் ஆள் நிற்கிறான், நீங்கள் கோவையில். என்ன செய்வீர்கள்? இதை இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் போன் அடுத்த வீட்டுக்கு, இரண்டாவது 112-க்கு, மூன்றாவது அம்மாவுக்கு. அம்மாவிடம் கதவைத் திறக்க வேண்டாம், உள்ளிருந்தே எல்லா விளக்கையும் போடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தெருவில் இரண்டு வீட்டு நம்பரையும் ஸ்டேஷன் நம்பரையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். கொல்லைக் கதவின் நாதாங்கியையும் தாழ்ப்பாளையும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இழுத்துப் பாருங்கள், ஆடினால் கேமராவுக்கு முன் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

திருட்டு ஏதாவது நடந்தே விட்டால் ஸ்டேஷனில் புகாரைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள், அன்றைக்கே பதிவைப் பென்டிரைவில் இறக்குங்கள். மூன்று வாரத்தில் அதன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். போன் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஆளைத் தேட உதவும், கோர்ட்டுக்கு உதவாது. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி அந்தப் பதிவோடு ஒரு சான்றிதழ் போக வேண்டும், அதை எப்படிக் கொடுப்பது என்பதைப் புலனாய்வு அதிகாரி சொல்வார். டிவிஆரையே எடுத்துப்போனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ஆப்பில் நேரலையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், போன வாரத்து ஒரு ராத்திரியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் போயிருந்தாலும் நேரலை பளிச்சென்று வந்துகொண்டே இருக்கும். டிவிஆர் "பீப் பீப்" என்று கத்தினால் அது டிஸ்க் போன அறிகுறியாக இருக்கலாம், தொந்தரவாக இருக்கிறதே என்று அணைத்துவிடாமல் உங்களுக்குப் போன் பண்ணும்படி அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவதாக இருந்தால் அது முடிந்த பிறகு. கடைக்காரரிடம் நான்கு கேமராவுக்குப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள், லென்ஸ், உயரம், கேபிள், பைப், எர்த், இன்வெர்ட்டர் இணைப்பு எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். மாட்டும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். மதியம் வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிடாமல், ராத்திரி எட்டு மணிக்கு மெயினை அணையுங்கள். தெரு விளக்கு வெளிச்சம் படாத கொல்லைப் பக்கமாகத் தெரிந்த பையன் ஒருவனைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கதவு வரை நடந்து வரச் சொல்லுங்கள். பிறகு பதிவை ஓட்டி அம்மாவிடம் காட்டி, "யாரும்மா இது?" என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். தெரியவில்லை என்றால் கேமராவை இன்னும் தாழ்வாக மாட்டச் சொல்லுங்கள், இல்லை லென்ஸை மாற்றச் சொல்லுங்கள்.